ஆர்க்கிடெக்ட்ஸ் ஏன் மாறியது? ஒரு பிரிட்டிஷ் மெட்டல்கோர் குழுவின் இருபது ஆண்டுக் கணக்கு

பிரிட்டனின் ஆர்க்கிடெக்ட்ஸ் இசைக்குழு 2025 பிப்ரவரி 28 அன்று தன் பதினோராவது ஆல்பமான 'தி ஸ்கை, தி எர்த் அண்ட் ஆல் பிட்வீன்' என்பதை வெளியிட்டபோது, 2021 முதல் ரசிகர்களிடையே புகைந்துகொண்டிருந்த ஒரு வாக்குவாதம் மறுபடியும் பற்றிக்கொண்டது. பழைய ஆர்க்கிடெக்ட்ஸ் திரும்பிவிட்டது என்றார்கள் ஒரு சாரார். அது 2016-இலேயே முடிந்துபோனது, இனி வருவதெல்லாம் பெயர் மட்டும்தான் என்றார்கள் இன்னொரு சாரார். இந்த இசைக்குப் புதியவர்களுக்கு இந்தச் சண்டையின் தலைகால் புரிவதில்லை. பாடுபவர் 2007 முதல் அதே சாம் கார்ட்டர்தான், டிரம்ஸ் வாசிப்பவர் தொடக்கம் முதல் அதே டான் சேர்ல்தான், கத்தலும் இருக்கிறது, கிட்டாரும் இருக்கிறது; பிறகு மாறியது என்ன?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. பணத்துக்காக மென்மையாகிவிட்டார்கள் என்பது ஒன்று, கலைஞர்கள் வளரத்தான் செய்வார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது, ஆனால் இரண்டுமே பாட்டை உட்கார்ந்து கேட்டுச் சொல்லப்பட்ட பதில்கள் அல்ல. இந்தக் குழுவின் பாடல்கள் எந்தக் காலத்தில், யார் கையில், எந்தக் கருவியில் உருவாகத் தொடங்கின என்று பார்த்தால் மாற்றத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும். அதற்கு முன் சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்படைச் சொற்கள்

மெட்டல்கோர் என்பது இரண்டு இசை மரபுகளின் கலப்பு. 1980-களின் அமெரிக்க ஹார்ட்கோர் பங்க், அதாவது குறுகிய, வேகமான, அலங்காரமற்ற, கூட்டத்தின் கோபத்தைக் கத்திச் சொல்லும் பாடல்கள், ஒரு பக்கம். கிட்டார் திறமையையும் கனத்த ஒலியையும் மையமாகக் கொண்ட ஹெவி மெட்டல் மறுபக்கம். 1990-களில் அமெரிக்காவின் இன்டெக்ரிட்டி, எர்த் கிரைசிஸ், கான்வெர்ஜ் போன்ற குழுக்கள் இந்த இரண்டையும் பிணைத்தன. 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் இவற்றோடு ஸ்வீடனின் மெலோடிக் டெத் மெட்டல், அதாவது முரட்டுக் கத்தலோடு ராகமான கிட்டார் வரிகளைச் சேர்க்கும் பாணி, அதன் மெட்டுகளும் வந்து சேர, கில்ஸ்விட்ச் என்கேஜ் போன்ற குழுக்கள் வழியாக மெட்டல்கோர் பரவலாகக் கேட்கப்படும் இசையாயிற்று. பிரிட்டனின் அடுத்த தலைமுறை இதைக் கேட்டுத்தான் கிட்டாரைக் கையில் எடுத்தது.

இந்த இசையைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இவை:

1. ரிஃப்: கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு இசைத்தொடர். பாப் இசையில் பாட்டின் அடையாளம் பாடகரின் மெட்டு. மெட்டலில் அது பெரும்பாலும் ரிஃப்தான்.

2. பிரேக்டவுன்: பாட்டின் வேகம் திடீரெனப் பாதியாக இறங்கியதுபோல் தோன்றும் பகுதி. கிட்டாரும் டிரம்ஸின் கால்மிதியும் ஒரே அடியாகச் சேர்ந்து விழும். கச்சேரியில் கூட்டம் கொந்தளிப்பது இந்த இடத்தில்தான்.

3. சுருதி இறக்குதல்: வழக்கமான கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 41-இல். மெட்டல்கோர் குழுக்கள் தடித்த தந்திகளைக் கட்டி, கிட்டாரின் சுருதியை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கொண்டுபோய் வைக்கின்றன. சுவரே அதிர்வதுபோன்ற அந்தக் கனத்துக்கு முதல் காரணம் இதுதான், ஒலிபெருக்கியின் அளவு அதற்கு அடுத்தபடி.

4. கத்தலும் பாட்டும்: தொண்டைக்குள் நாம் பேசப் பயன்படுத்தும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு சதை மடிப்பு இருக்கிறது. பயிற்சி பெற்ற பாடகர்கள் மூச்சைக் கட்டுப்படுத்தி அதைத்தான் பெரும்பாலும் அதிரவைக்கிறார்கள். வெளியே கேட்பது கூச்சல் என்றாலும் உள்ளே நடப்பது கட்டுப்பாடான வேலை, இல்லாவிட்டால் ஒரு மாதச் சுற்றுப்பயணத்தை எந்தத் தொண்டையும் தாங்காது. ராகத்தோடு பாடும் சாதாரணக் குரலை இந்த வட்டாரத்தில் 'கிளீன்' என்பார்கள்.

5. ஜென்ட்: ஸ்வீடனின் மெஷூகா குழுவின் வழியில் வந்த ஒரு வாசிப்பு முறை. வலது உள்ளங்கையால் தந்தியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வெட்டு வெட்டாக, தாளத்தின் எதிர்பாராத இடங்களில் அடிப்பது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும்.

டிரம்ஸ் வாசிப்பவர் நான்கு அடித் தாளத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் நான்கு உட்பிரிவு என்றால் ஒரு சுற்றுக்குப் பதினாறு. கிட்டாரிஸ்டோ ஏழு உட்பிரிவு நீளமுள்ள ஒரு ரிஃபை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். பதினாறும் ஏழும் ஒத்துப்போகா. அதனால் ரிஃபின் தொடக்கம் ஒவ்வொரு முறையும் தாளத்தின் வேறோர் இடத்தில் போய் விழுகிறது. நான்கு சுற்று முடியும்போது மொத்தம் 64 உட்பிரிவுகள், ஏழொன்பது 63, மிச்சம் ஒன்று. அந்த ஒன்றைச் சமாளித்து இருவரும் ஒன்றாகச் சமத்தில் வந்து இறங்கும்போது கேட்பவருக்கு ஏற்படும் நிம்மதிதான் இந்த முறையின் சுவை. தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடியும்போது தொடையில் தாளம் போடும் கை என்ன உணருமோ, ஏறத்தாழ அதுவேதான்.

பிரைட்டன், 2004

இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமான பிரைட்டனில் டாம் சேர்ல், டான் சேர்ல் என்ற இரட்டையர் 2004-இல் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். டாம் கிட்டார், டான் டிரம்ஸ். இந்த இரட்டையர் விஷயம் வெறும் வாழ்க்கைக் குறிப்பு இல்லை. மேலே சொன்ன ஏழு, பதினாறு கணக்கில் கிட்டாரும் டிரம்ஸும் விலகி விலகிப் போய்ச் சேரும் இசைக்கு, சிறுவயது முதல் ஒரே வீட்டில் வாசித்து வளர்ந்த இருவர் கிடைத்தது இந்தக் குழுவுக்கு வாய்த்த பெரிய முதலீடு.

முதல் ஆல்பம் 'நைட்மேர்ஸ்' 2006-இல் வந்தது. அப்போது பாடியவர் மேட் ஜான்சன். அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு சாம் கார்ட்டர் வந்தார். 'ரூயின்' ஆல்பமும் 2007-இலேயே வெளிவந்தது. இந்த இரண்டிலும் அமெரிக்காவின் தி டில்லிஞ்சர் எஸ்கேப் பிளான் குழுவின் நிழல் வெளிப்படையாகத் தெரியும். மேத்கோர் என்று அழைக்கப்படும் அந்தப் பாணியில் தாளம் நிமிடத்துக்கொரு முறை முகம் மாறும். கேட்பவர் காலூன்ற இடம் தேடுவதற்குள் பாட்டு வேறெங்கோ போயிருக்கும். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் ஆல்பம் முடிந்தபின் மனத்தில் தங்குவது மிகக் கொஞ்சம்.

2009 ஜனவரியில் வந்த 'ஹாலோ கிரௌன்' வேறு தரத்தது. சிக்கல் குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு சிக்கலும் ஒரு பிடிப்பான இடத்தில் போய் முடிந்தது. கார்ட்டரின் குரலும் இங்கேதான் தனித்து ஒலிக்கத் தொடங்கியது. பெரும்பாலான மெட்டல்கோர் பாடகர்களின் கத்தலில் சுரம் இருக்காது, இவருடைய கத்தலில் இருக்கும். உச்சத்தில் கத்தும்போதே ஒரு மெட்டையும் இழுத்துக்கொண்டு போகும் அந்தக் குரல்தான் பின்னால் இந்தக் குழு எடுத்த எல்லாத் திருப்பங்களுக்கும் வண்டியாக இருந்தது.

2011: சௌகரியமாக மறக்கப்பட்ட முதல் மாற்றம்

வாக்குவாதங்களில் எல்லோரும் தாண்டிச் செல்லும் ஆல்பம் 'தி ஹியர் அண்ட் நவ்'. 2011 ஜனவரியில் வந்தது. 'ஹாலோ கிரௌன்' தந்த பெயரோடு உச்சத்தில் இருந்த குழு, திடீரென ராகமான கிளீன் குரலுக்கும் திறந்த, பளிச்சென்ற கிட்டார் ஒலிக்கும் தாவியது. ரசிகர்கள் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் குழுவினரே அதைத் தவறான அடியாகப் பேசத் தொடங்கினார்கள்.

அது ஏன் எடுபடவில்லை என்பதைவிட, அதை எழுதியது யார் என்பதுதான் இங்கே முக்கியம். அப்போதும் இசையின் மூளையாக இருந்தவர் டாம் சேர்ல்தான். ஆகவே, டாம் இருந்திருந்தால் இந்தக் குழு ஒருநாளும் மென்மையாகியிருக்காது என்ற வாதம், இன்று அதிகம் சொல்லப்படும் வாதம், ஆவணத்தோடு பொருந்தவில்லை. மென்மையாக்கும் சோதனையை முதலில் செய்தவரே அவர்தான். செய்து பார்த்தார், சரிவரவில்லை என்று கண்டார், திரும்பி வந்தார்.

திரும்பி வரும் வழியில் அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, ராகத்தைப் பாடகரிடமிருந்து எடுத்துக் கிட்டாரிடம் கொடுப்பது: கீழே கனத்த ரிஃப் ஓடிக்கொண்டிருக்க, மேலே எதிரொலியில் நனைந்த மெல்லிய இன்னொரு கிட்டார் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றொன்று, பாடுபொருள். 2011 ஆகஸ்டில் இங்கிலாந்து நகரங்களில் வெடித்த கலவரங்களை முன்வைத்து 'டெவில்ஸ் ஐலண்ட்' பாடல் வந்தது. 2012 மே மாதத்தில் வந்த 'டேபிரேக்கர்' ஆல்பம் அரசியலையும் சூழலியலையும் நேராகப் பேசியது. காதல் முறிவுகளையும் தனிமனித வெறுப்பையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த அன்றைய மெட்டல்கோரில் இது அரிது. கடல்வாழ் உயிர்ப் பாதுகாப்புக்காக இயங்கும் சீ ஷெப்பர்ட் அமைப்புக்கு கார்ட்டர் இன்றுவரை வெளிப்படையாக ஆதரவு தந்துவருவதும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

கோதன்பர்க்கில் கிடைத்த ஒலி

2014 மார்ச்சில் எபிடாஃப் இசை வெளியீட்டு நிறுவனத்தின் வழியாக வெளிவந்த 'லாஸ்ட் ஃபாரெவர் // லாஸ்ட் டுகெதர்' இந்தக் குழுவை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. பதிவு நடந்த இடம் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் உள்ள ஸ்டூடியோ ஃப்ரெட்மேன். தயாரித்தவர்கள் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம், ஹென்ரிக் உட்.

இந்த முகவரியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க மெட்டல்கோருக்கு மெட்டுகளைக் கடன்கொடுத்த ஸ்வீடன் மெலோடிக் டெத் மெட்டல் பெரிதும் வார்த்தெடுக்கப்பட்டது நோர்ட்ஸ்ட்ரோமின் கையில்தான். அட் தி கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ் குழுக்களின் 1990-களின் பதிவுகள் அவருடைய ஸ்டூடியோவிலிருந்து வந்தவை. ஷெஃபீல்டின் பிரிங் மீ தி ஹொரைசன் குழுவின் 2008, 2010 ஆல்பங்களையும் அவர்தான் தயாரித்தார். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போன மெட்டு, சுற்றிக்கொண்டு பிரிட்டன் வழியாகப் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

டாமின் எழுத்து முறை இந்த ஆல்பத்தில் முழுமை பெற்றது. 'நேசேயர்' பாடலைக் கேட்டால் அது உடனே தெரியும்: தாழ்ந்த தந்தி வெட்டு வெட்டாகத் தாளத்தோடு முட்டிக்கொண்டே போகிறது, டிரம்ஸ் அதற்கு ஈடு கொடுக்கிறது, கார்ட்டரின் குரல் இந்த இரண்டுக்கும் மேலே நேர்கோடாக ஓடுகிறது. பாட்டின் சொற்கள் தெரியாவிட்டாலும் ரிஃபை முணுமுணுக்க முடியும். பிரேக்டவுனுக்குச் சற்று முன் கார்ட்டர் தொண்டையிலிருந்து உதறும் 'பிளெஹ்' என்ற பொருளற்ற ஒலி இந்தக் காலத்தில்தான் ரசிகர்களின் கடவுச்சொல் ஆனது. வேடிக்கைதான், ஆனால் அதற்கும் ஒரு வேலை உண்டு: நாட்டியத்தில் கால் தட்டுவதற்கு முன் வரும் ஒரு சொல்லுக்கட்டைப்போல, அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்று அது கூட்டத்துக்குச் சொல்லிவிடுகிறது.

2016 மே மாதம் அதே தயாரிப்பாளர்களோடு 'ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டண்ட் அஸ்' வந்தது. என் கணிப்பில் இந்தக் குழுவின் இறுக்கமான ஆல்பம் இதுதான். கடைசிப் பாடலான 'மெமென்டோ மோரி' ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடுகிறது, நடுவில் மரணத்தைப் பற்றித் தத்துவ எழுத்தாளர் ஆலன் வாட்ஸ் ஆற்றிய உரையின் ஒரு துண்டு கேட்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்பது வெளியானபோது கேட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

2016 ஆகஸ்ட் 20

டாம் சேர்ல் அன்று இறந்தார். வயது 28. மெலனோமா என்ற தோல் புற்றுநோயோடு மூன்றாண்டுகளாக அவர் போராடிவந்தார். நோயோடேயே ஆல்பங்களை எழுதினார், நோயோடேயே மேடை ஏறினார், கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. செய்தியை உலகுக்கு அறிவித்தவர் இரட்டைச் சகோதரர் டான். அதன்பின் மே மாதம் வந்த அந்த ஆல்பத்தின் வரிகளுக்கெல்லாம் வேறு பொருள் வந்துவிட்டது.

இசை நோக்கில் இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு குழுவில் கிட்டாரிஸ்ட் போனால் இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் இங்கே போனவர் ஒரே ஆளாக மூன்று வேலைகளைச் செய்துவந்தவர்: ரிஃபை உருவாக்கினார், பாட்டின் வடிவத்தை அமைத்தார், பெரும்பாலான வரிகளையும் எழுதினார். மூன்றும் ஒரே தலையிலிருந்து வந்ததால்தான் அந்தப் பாடல்களில் சொல்லும் அடியும் அவ்வளவு நெருங்கிக் கிடந்தன.

குழு கலையவில்லை. ரெடிங் நகரின் சைலோசிஸ் குழுவைச் சேர்ந்த ஜோஷ் மிடில்டன் கிட்டாருக்கு வந்தார். 2017 செப்டம்பரில் 'டூம்ஸ்டே' வெளிவந்தது. டாம் விட்டுச்சென்ற முடிவுறாத ஒரு பதிவிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட பாடல் அது. 2018 நவம்பரில் 'ஹோலி ஹெல்' ஆல்பம் வந்தது. வரிகள் டானுடையவை, தயாரிப்பு டானும் மிடில்டனும். துக்கத்தைப் பற்றிய இந்த ஆல்பம் டாமின் மொழியிலேயே பேசுகிறது. மிடில்டன் தேர்ந்த கிட்டாரிஸ்ட், அந்த மொழியைப் பிழையின்றிப் பேசுகிறார். என்றாலும் கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும்: தந்தி வாத்தியக் குழுவும் சிந்தசைசரும் முன்பு பின்னணித் திரையாக இருந்தவை, இப்போது முன்னால் வந்து நிற்கின்றன.

பாட்டு தொடங்கும் இடம்

2021 பிப்ரவரியில் வந்த 'ஃபார் தோஸ் தட் விஷ் டு எக்சிஸ்ட்' பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. குழுவின் வரலாற்றில் அதுவே முதல் முறை. ராயல் பிளட் குழுவின் மைக் கெர், பிஃபி கிளைரோ குழுவின் சைமன் நீல் போன்றோர் விருந்தினராகப் பாடினார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தது இங்கேதான்.

இதில் நடந்த மாற்றத்தை 'நேசேயர்', 'அனிமல்ஸ்' என்ற இரண்டு பாடல்களை அடுத்தடுத்துக் கேட்டால் காதே சொல்லிவிடும். 'அனிமல்ஸ்' பாட்டின் ரிஃப் மிக எளிது, நடுத்தர வேகம், தாளத்தோடு மல்லுக்கட்டாமல் அதன் மேலேயே நடந்துபோகிறது. ஏழு, பதினாறு கணக்கு எதுவும் இல்லை. பாட்டைத் தூக்கி நிறுத்துவது பல்லவியில் கார்ட்டரின் மெட்டும் அதைச் சூழ்ந்து எழும் செயற்கை ஒலிகளின் பரப்பும். கிட்டார் இங்கே பேசவில்லை, தலையாட்டுகிறது.

காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. டாம் கிட்டாரில் எழுதினார். கிட்டாரில் எழுதுபவருக்கு முதலில் வருவது ரிஃப். குரல் பின்னால் வந்து, இருக்கும் இடுக்கில் உட்கார்ந்துகொள்கிறது.

2. இப்போது எழுத்தின் கனம் டிரம்ஸ் வாசிக்கும் டான் பக்கம் சாய்ந்திருந்தது. கிட்டாரைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் கணினியில் பாட்டை அடுக்கும்போது முதலில் வருவது தாளமும், ஒலிப்பரப்பும், அதன்மேல் குரல் ஏறக்கூடிய மெட்டும். ரிஃப் பின்னால் வந்து, மிச்சமிருக்கும் இடத்தை நிரப்புகிறது.

3. மெட்டு முதலில் வந்தால் ரிஃப் எளிமையாகியே தீரும். சிக்கலான ரிஃபும் நீண்டு ஒலிக்கும் மெட்டும் ஒரே இடத்தில் நின்றால் இரண்டும் கெட்டுவிடும். 2011-இன் தோல்வி இதற்குச் சான்று: அங்கே ரிஃப் எழுதும் பழக்கத்தை விடாமலே மெட்டையும் மேலே ஏற்றப் பார்த்தார்கள்.

ஆகவே, 'மென்மையாக வேண்டும்' என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காவிட்டாலும், எழுதும் கையும் கருவியும் மாறியபின் இசை இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கும். இதை வளர்ச்சி என்பதா வீழ்ச்சி என்பதா என்பது அவரவர் காது.

இந்த ஆல்பத்தின் பாடல்களைப் பாரலாக்ஸ் ஆர்கெஸ்ட்ராவோடு லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவுசெய்து 2022-இல் வெளியிட்டார்கள். நடத்தியவர் சைமன் டாப்சன். அந்தப் பாடல்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவு எளிதாக இடம் விடுகின்றன என்பதே மேலே சொன்னதற்கு இன்னொரு சான்று. 'ஹாலோ கிரௌன்' பாடல்களில் வயலின் வில்லை நுழைக்கக்கூட இடைவெளி கிடைக்காது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'தி கிளாசிக் சிம்ப்டம்ஸ் ஆஃப் எ புரோக்கன் ஸ்பிரிட்' இந்த வழியில் இன்னும் ஒரு படி போய், இயந்திர ஒலிகள் நிறைந்த குட்டையான பாடல்களில் நின்றது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு குறைவு.

பெரிய அரங்கின் கணக்கு

பணத்துக்காக மாறினார்கள் என்ற குற்றச்சாட்டில் உள்ள உண்மையின் துண்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது பணத்தைவிட ஒலியியலோடு தொடர்புடையது.

2018 பிப்ரவரியில் இவர்கள் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் வாசித்தார்கள், 2019 ஜனவரியில் வெம்ப்லி அரீனாவில். 2023-இல் மெட்டாலிகாவின் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் கால்பந்து மைதானங்களில் முன்நிகழ்ச்சி நடத்தினார்கள். சிறு கிளப்பில் ஒலி சுவரில் பட்டு உடனே அடங்கிவிடும். பெரிய கூடத்தில் எதிரொலி இரண்டு நொடிவரைகூட நிற்கும். நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் ஓர் உட்பிரிவு ஏறத்தாழ 83 மில்லி நொடி. அந்த இரண்டு நொடிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட அடிகள் விழுந்து, ஒன்றின் வால் மற்றொன்றின் தலையில் ஏறிக்கொள்ளும். மேடைக்கருகே நிற்பவருக்குக் கேட்பது ரிஃப், பின்வரிசையில் நிற்பவருக்குக் கேட்பது இரைச்சல். இடைவெளி விட்டு விழும் கனத்த அடியும் நீண்ட மெட்டும் மட்டுமே கடைசி வரிசை வரை பிழையின்றிப் போய்ச்சேரும். அரங்கம் பெரிதாகப் பெரிதாகப் பாட்டு எளிதாவது ராக் வரலாறு முழுவதும் காணக்கிடைப்பதுதான்; பத்தாயிரம் பேர் முன் வாசித்துப் பழகிய குழு, அடுத்த பாட்டை எழுதும்போது அந்தக் கூடத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் எழுதும்.

ஷெஃபீல்டு குழுவிலிருந்து வந்தவர்

2023-இல் மிடில்டன் தன் சொந்தக் குழுவான சைலோசிஸைக் கவனிப்பதற்காக விலகினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆர்க்கிடெக்ட்ஸ் வெளியிட்ட 'சீயிங் ரெட்' பாடல், கோபமாகக் கத்தும்போது மட்டுமே தங்களை நேசிக்கும் ரசிகர்களை நேருக்கு நேர் கிண்டல் செய்தது. கிண்டலையே குழுவின் மிக முரட்டுத்தனமான வாசிப்போடு செய்தார்கள் என்பதுதான் அதில் சுவை. கேட்டதைக் கொடுத்துக்கொண்டே கேட்டவரைச் சீண்டினார்கள்.

அதே டிசம்பரில் பிரிங் மீ தி ஹொரைசன் குழுவிலிருந்து ஜோர்டன் ஃபிஷ் விலகினார். ஆர்க்கிடெக்ட்ஸின் 2025 ஆல்பத்தைத் தயாரித்தவர் இவர்தான். இவர் யார் என்பது தெரியாமல் அந்த ஆல்பத்தை விளக்க முடியாது.

பிரிங் மீ தி ஹொரைசனும் 2004-இல்தான் தொடங்கியது. 2006-இன் 'கவுன்ட் யுவர் பிளெசிங்ஸ்' கரடுமுரடான டெத்கோர், அதாவது மெட்டல்கோரோடு டெத் மெட்டலின் மூர்க்கத்தைக் கலந்த பாணி. 2013-இன் 'செம்பிடர்னல்' பிரிட்டிஷ் மெட்டல்கோரின் முகத்தையே மாற்றிய ஆல்பம். 2019-இன் 'அமோ' பாதிக்குமேல் பாப் இசை, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இந்தப் பயணத்தின் திருப்புமுனை 2012-இல் ஃபிஷ் குழுவுக்குள் வந்தது. அவர் கீபோர்டுக்காரர், எலக்ட்ரானிக் இசை தெரிந்தவர். அதுவரை ரிஃபில் தொடங்கிய பாடல்கள் அதன்பின் ஒலிகளிலும் குரலிலும் தொடங்கின. அதாவது, ஆர்க்கிடெக்ட்ஸில் ஒரு மரணத்தால் நேர்ந்த அதே இடமாற்றம், ஷெஃபீல்டில் ஒரு புதிய உறுப்பினரின் வருகையால் நேர்ந்தது. விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால்தான், எழுதும் இடத்தைப் பற்றிய இந்த விளக்கம் ஒரு குழுவின் சோகக் கதைக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபிஷ்ஷின் தொழில்நுட்பம் எப்படிப்பட்டது? பாடிப் பதிவுசெய்த குரலைத் துண்டு துண்டாக வெட்டி, சுருதி மாற்றி, திரும்ப ஒட்டி, அதையே ஒரு வாத்தியமாக்குவது அவருடைய வழக்கம். 'செம்பிடர்னல்' ஆல்பத்தின் முதல் பாடலான 'கேன் யூ ஃபீல் மை ஹார்ட்' தொடங்கும்போது கேட்கும் அந்தக் கீச்சொலி மெட்டு இதன் நல்ல உதாரணம். கத்தலையும் அப்படியே வெட்டித் தாள அடிகளில் பொருத்தினால், ஒரு காலத்தில் ரிஃப் செய்துவந்த வெட்டு வேலையைக் குரலே செய்துவிடும்.

2025-இல் திரும்பியது எது

'தி ஸ்கை, தி எர்த் அண்ட் ஆல் பிட்வீன்' ஆல்பத்தின் முதல் பாடல் 'எலெஜி'யிலேயே வேகமும் கத்தலும் பிரேக்டவுனும் வந்துவிடுகின்றன. பழைய ஆர்க்கிடெக்ட்ஸ் திரும்பியது என்று சொல்வோர் காட்டுவது இதைத்தான். அவர்கள் கேட்பது பொய்யில்லை: மூர்க்கம் திரும்பியிருக்கிறது. ஆனால் மூர்க்கமும் ரிஃபும் ஒன்றல்ல. பாட்டை நிறுத்திவிட்டு எது மனத்தில் சுழல்கிறது என்று பார்த்தால், பெரும்பாலான பாடல்களில் அது பல்லவியின் மெட்டாகவே இருக்கும், கிட்டாரின் வரியாக இராது. முரட்டுப் பகுதிகள் மெட்டுக்கு இடையே வரும் இடிபோல வைக்கப்பட்டிருக்கின்றன. அவை பாட்டைத் தொடங்கிவைப்பதில்லை. 'விப்லாஷ்' போன்ற பாடல்களில் இந்த அமைப்பு நன்றாக வேலை செய்கிறது, 2022 ஆல்பத்தைவிடப் பல மடங்கு உயிரோடு. 2014-இன் அந்த முட்டிமோதல் மட்டும் இல்லை.

இன்று குழுவின் உறுப்பினர்கள் நால்வர்: சாம் கார்ட்டர், டான் சேர்ல், பேஸ் வாசிக்கும் அலெக்ஸ் டீன், கிட்டாரிஸ்ட் ஆடம் கிறிஸ்டியன்சன். மிடில்டன் போனபின் அந்த இடத்துக்கு நிரந்தர உறுப்பினராக வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. குழுவின் ரிஃப்களை உருவாக்கும் பொறுப்பு ஒரே கிட்டாரிஸ்ட் கையில் இருந்த நாற்காலி அது. இப்போது அந்த வேலை கணினித் திரையின் முன்னே பலர் கூடிச் செய்வதாகிவிட்டது.